குறை நிரப்பலும் மிகை அடக்கலும்

விளைந்த கதிரைக் கண்டு மகிழ்வோர் பலர். உழுத நாள்களை எண்ணுவோர் சிலர். இசையரங்கும் அத்தகையதே. திரை விலகிய பின் நிகழும் ஒரு மணி நேரத்தை ஊரே திரண்டு கேட்கின்றது, கை தட்டுகின்றது, பொன்னாடை போர்த்துகின்றது. அவ்வொரு மணி நேரத்தை ஈன்றெடுத்த நூறு நூறு மணி நேரங்களைக் கேட்டவர் எவருமிலர். ஆயினும், இளையோர் கூடி இசைக்கும் இசையைப் பொறுத்தவரை, உண்மையான கல்வி அந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. அதற்கு முன்னிருந்த நாள்களிலேயே இருக்கின்றது. இவ்வுண்மையை உணர்ந்து செயற்படும் ஆசிரியர் எத்துணைப் பேர்? உணராமையால் கெடும் பிள்ளைகள் எத்துணைப் பேர்?

ஊர்தோறும் நடைபெறும் பள்ளியாண்டு விழாக்களைக் கருதிப் பார்க்க. விழாவிற்கு இரண்டு கிழமை இருக்கும்பொழுது, 'மாணவர் இசைநிகழ்ச்சி ஒன்று இருத்தல் வேண்டும்' என்னும் ஆணை பிறக்கின்றது. நாற்பது பிள்ளைகள் ஆர்வத்தோடு வந்து நிற்கின்றனர். அவருள் முன்னமே வீட்டில் பயின்றவர் ஆறு பேர் தெரிந்தெடுக்கப்பெறுகின்றனர். எஞ்சிய முப்பத்து நால்வரையும் வெளியேற்றினால் பெற்றோர் வருந்துவர். ஆகலின் அவர்களும் மேடையேற்றப்பெறுகின்றனர். ஆனால் அவர்க்கு இடப்படும் கட்டளை யாது? 'பாடாதே, வாயை மட்டும் அசை. மீட்டாதே, நரம்பின்மேல் விரலை மட்டும் ஓட்டு.'

இதனினும் கொடிய பாடம் ஒரு பள்ளியில் கற்பிக்கப்பெறுதல் கூடுமோ? அப் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது இசையை அன்று. தன் ஒலி வேண்டப்படாத ஒலி என்பதையும், கூட்டத்தில் நிற்பது வேறு கூட்டத்திற்கு உரியவனாவது வேறு என்பதையும், பொய்யாக நடிப்பினும் கை தட்டுக் கிடைக்கும் என்பதையுமே அது கற்றுக்கொள்கின்றது. வாயசைத்துப் பழகிய அப் பிள்ளையே நாளை வளர்ந்து, ஊர் மன்றத்திலும் நாட்டு மன்றத்திலும் பிறர் குரலுக்கு வாயசைக்கும் குடிமகனாகின்றது. எனவே, ஓர் இளைஞர் இசைக்குழுவை அரங்கிற்கு ஆயத்தப்படுத்துதல் எங்ஙனம் என்னும் வினா, இசையாசிரியர்க்கு மட்டும் உரிய சிறு வினா அன்று. குமுகாயம் முழுமைக்கும் உரிய பெருவினாவாகும்.

பல கருவிகள் கூடி ஒலிக்கும் இசைக்குப் 'பல்லியம்' என்று பெயரிட்டது தமிழ். 'இயம்' என்பது இசைக்கருவி. கழகக் காலப் புலவர் ஒருவர்க்கு நெடும்பல்லியத்தனார் என்னும் பெயரே வழங்கியிருத்தலை நோக்குக. பல்லியத்தை அரங்கேற்றுதற்கு வேண்டும் ஆயத்தம் யாது என்பதைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை விரிவாகவே விளக்குகின்றது. அரங்கேறிய மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றதையே பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். அவள் ஐந்தாம் அகவையில் தொடங்கிப் பன்னிரண்டாம் அகவை வரை ஏழாண்டு பயின்றாள் என்பதை இளங்கோவடிகள் மறவாமற் கூறியுள்ளார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாவல்லோன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனத் தனித்தனி ஆசிரியரை நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியையும் அவர் வகுத்துக் காட்டுகின்றார். அரங்கத்தின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவும் தருகின்றார்.

அவற்றுள் எல்லாம் தலையாயது தண்ணுமையாசிரியனுக்கு அவர் கூறும் தகுதி. தண்ணுமை ஓங்கி ஒலிக்கும் கருவி; விரும்பினால் மற்றை எல்லாக் கருவிகளையும் அமிழ்த்திவிடும் ஆற்றல் உடையது. அத்தகைய கருவியைக் கையிற் கொண்டவன் செய்யத்தக்கது யாது? பிற கருவியிடத்துக் குறை நேர்ந்த இடத்து அதனை நிரப்புதல். மிகை நேர்ந்த இடத்து அதனை அடக்குதல். தான் அவற்றின்மேல் மிகாதிருத்தல். வல்லமை உடையவன் தன் வல்லமையைப் பிறர்க்கு இடமளிக்கப் பயன்படுத்துவதே கூட்டிசையின் அறம் என்பது இதனாற் பெறப்படும். அரங்கில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் நின்றன. முழவோடு கூடி நின்று இசைத்தது ஆமந்திரிகை. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதைக் கேட்டே தன் ஒலியைத் தொடங்கியது. இக் 'கேட்டல்' இன்றிப் பல்லியம் இல்லை.

இந் நெறி ஏட்டில் மட்டும் வாழும் நெறியா? நாட்டிலும் நடக்கக் கூடியதா? ஐம்பது ஆண்டுகட்கு முன் தொடங்கிய வரலாறொன்று இதற்கு விடை கூறும். அது தமிழ்நாட்டில் நிகழ்ந்ததன்று. தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள வெனிசுவேலா நாட்டில் நிகழ்ந்தது.

எண்ணெய் வளத்தால் செழித்த அந் நாட்டில், 1970-களில் பெரிய இசைக்குழுக்கள் இருந்தன; ஆனால் அவற்றில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களே. நாட்டின் மைந்தர் இசை பயின்றும் அமர இருக்கை இன்றி நின்றனர். 'பெரிய இசை நம்மவர்க்கு வாராது' என்னும் தாழ்வெண்ணம் மண்டிக் கிடந்தது. இந் நிலையைப் பொறாத ஒருவர் எழுந்தார். ஓசே அந்தோனியோ அப்ரேயு என்னும் அவர் 1939-இல் பிறந்தவர், பொருளியல் அறிஞர், இசையும் கற்றவர். 1975-ஆம் ஆண்டு பெப்பிரவரித் திங்களில், தலைநகராகிய கரகாசில், நிலத்தடி உந்துநிறுத்தம் ஒன்றில் இளைஞர் இசைக்குழுவின் முதற் பயிற்சிக்கு அழைப்பு விடுத்தார். நூறு இளைஞர்க்கு உதவும் வண்ணம் ஐம்பது இசையேட்டுத் தாங்கிகள் நன்கொடையாக வந்திருந்தன. வந்து சேர்ந்த இளைஞரோ பதினொருவர்.

ஐம்பது தாங்கிகளுக்கு இடையே பதினொருவர்! 'மூடிவிட்டு வீட்டிற்குச் செல்வதா, இப் பதினொருவரை ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குவதா' என்னும் இரண்டே வழிகள் தம்முன் இருந்தன என்று அவர் 2009-இல் நினைவு கூர்ந்தார். அவர் பெருக்கும் வழியைத் தெரிந்தெடுத்தார். அன்றிரவே அப் பதினொருவர்க்கும் உலகின் முன்னணி இசைக்குழுக்களுள் ஒன்றாக இதனை ஆக்குவதாக உறுதி கூறினார். பெப்பிரவரி 12-இல் தொடங்கிய அக் குழு, ஏப்பிரல் 30-இல் தன் முதற்பொது அரங்கில் ஏறியது. இடையில் இருந்தவை 77 நாள்கள். சரியாகப் பதினொரு கிழமை. அடுத்த ஆண்டு, 1976-இல், இசுக்காட்லாந்து நாட்டு அபர்தீன் நகரில் நடைபெற்ற இளைஞர் இசைக்குழு விழாவில் அவர்கள் பங்கு கொண்டனர். தாழ்வெண்ணத்திற்கு அதைவிட நேரிய மறுப்பு வேறில்லை.

அவ் வெற்றிக்கு மறைபொருள் ஏதும் இல்லை. பயிற்சி முறையே அடிப்படை. வெனிசுவேலாவில் ஊர்தோறும் அமைந்த பயிற்சி நிலையங்களில் பிள்ளைகள் பள்ளி விட்டபின் நாடோறும் சில மணி நேரம் கூடிப் பயில்கின்றனர். 'தனியே பல்லாண்டு கற்றுத் தேறு. தேறியபின் கூட்டத்தில் சேர்' என்னும் பழைய ஒழுங்கை அவர்கள் தலைகீழாக்கினர். முதல்நாள் முதற்கொண்டே பிள்ளை கூட்டத்தில் அமர்கின்றது. நான்கு இசைநிலையே அறிந்த பிள்ளைக்கு அந் நான்கு இசைநிலையே அமைந்த பகுதி எழுதித் தரப்பெறுகின்றது. சிறிய பகுதியே ஆயினும் அஃது உண்மையான பகுதி; வாயசைப்பு அன்று. ஒரு பாட்டை அறிந்த மூத்தவன் அறியாத இளையவனுக்குக் கற்பிக்கின்றான். மிகச் சிறு குழந்தைகட்குத் தாள்கூழால் செய்த வெறுங்கருவிகளைத் தந்து, பிடிக்கும் முறை, நிற்கும் முறை, பேணும் முறை ஆகியவற்றை முதலிற் பழக்குகின்றனர். இதற்குத் தாளிசைக்குழு என்றே பெயர். கேட்கும் திறன் இழந்த பிள்ளைகட்கும் இடம் உண்டு. வெண்கையுறை அணிந்து, பாட்டின் பொருளையும் ஓட்டத்தையும் கையசைவால் காட்டும் அணி ஒன்று பார்க்கிசிமெத்தோ நகரில் தோன்றியது. குறை நிரப்பல் என்பது இதுவன்றோ?

அரங்கேற்றம் ஒன்றிற்குக் குழுவை ஆயத்தப்படுத்தும் நடைமுறையையும் ஈண்டு எண்ணுதல் தகும். அது வெனிசுவேலாவிற்கு மட்டும் உரியதன்று. உலகின் நல்ல இளைஞர் இசைக்குழுக்கள் யாவற்றிற்கும் பொதுவாயது.

முதற்படி கேள்வி ஒன்றுதல். ஓபோ எனும் துளைக்கருவி ஓரிசையை நீட்டி ஒலிக்க, மற்றைய அனைத்தும் அதற்குத் தம்மை இசைவித்துக்கொள்கின்றன. அவ்விசைக்கு நொடிக்கு 440 அதிர்வு என்னும் அளவை 1939-இல் இலண்டனிற் கூடிய மாநாடு வகுத்தது. பித்தளைக் கொம்புகள் மூச்சின் வெம்மையால் சற்று ஏறும்; நரம்புகள் அரங்கின் வெம்மையால் தளர்ந்து இறங்கும். எனவே, ஒருமுறை ஒன்றினால் போதும் என்று எவரும் இருத்தல் இயலாது. இசைக்கும் போதெல்லாம் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இரண்டாம்படி பிரித்துப் பயிலுதல். நரம்புக் கருவியினர் ஓரறையில், மரத்துளைக் கருவியினர் ஓரறையில், கொம்பினர் ஓரறையில், கொட்டுநர் ஓரறையில். ஓடவேண்டிய பகுதியை முதலில் ஊர்ந்தே பயில்வர். பாதி விரைவில் பிழையின்றி வந்தபின்னரே விரைவு சிறிது சிறிதாகக் கூட்டப்பெறும். விரைந்து பயின்ற பிழை, விரைந்தே வேரூன்றும் என்பதைப் பட்டறிந்த ஆசிரியர் அறிவர். வயலின் இசைப்போர் இருவர்க்கு ஓர் ஏட்டுத் தாங்கி. உட்பக்கத்தில் இருப்பவரே ஏட்டைப் புரட்டுவர். வில் மேலேறுவதும் கீழிறங்குவதும் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும் என்பதற்காகக் கரிக்கோலால் ஏட்டில் குறியிட்டுக்கொள்வர். கரிக்கோல் இன்றிப் பயிற்சிக்கு வருதல் படையின்றிப் போர்க்களம் புகுவதை ஒக்கும். நேற்றுக் கூறிய திருத்தத்தை இன்று மறந்த ஒருவன், எண்பதின்மரின் நேரத்தைக் கவர்ந்தவன் ஆகின்றான்.

மூன்றாம்படி சேர்ந்து பயிலுதல். இங்குதான் கடினமான பாடம் தொடங்குகின்றது. அப்பாடம் வாளாவிருத்தல். கொட்டுநன் ஒருவன் எண்பது தாள அடிகளை வாளா எண்ணிக்கொண்டிருந்து, எண்பத்தோராம் அடியில் ஒரே ஓரறை அறைதல் வேண்டியிருக்கும். ஓர் அடி முந்தினும் அனைவர் உழைப்பும் பாழ். அவ் வெண்பது அடிகளிலும் அவன் வேலையின்றி இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கின்றான். கேட்டுக்கொண்டே காத்திருக்கத் தெரிந்த இளைஞனை உருவாக்கும் கல்வி இதனையன்றி வேறு யாதுளது? முழங்கத் தெரிந்த இளைஞர் ஏராளம். முழங்கும் நேரம் அறிந்த இளைஞரே நாட்டிற்கு வேண்டும்.

நான்காம்படி இருக்கை மாற்றுதல். வல்லவரை எல்லாம் முன்வரிசையிற் குவித்துவிட்டுப் பின்வரிசையை இருளில் விடும் குழு, முன்வரிசையின் அளவே ஒலிக்கும். ஆகலின் நல்ல நடத்துநர் பயிற்சிக் காலத்தில் வல்லவன் அருகே மெல்லியவனை அமர்த்துவார். முன்னிருந்தவனைச் சில நாள் பின்னே அனுப்புவார். பின்வரிசையிலிருந்து கேட்டாலன்றி, முன்னிருப்பவனுக்குத் தான் எழுப்பும் மிகை விளங்காது. மிகை அடக்கல் என்பது இதுவேயாம்.

ஐந்தாம்படி முழு ஒத்திகை. மேடை, விளக்கு, உடை, வரவு, வணக்கம் யாவும் அரங்கேற்ற நாளில் உள்ளவாறே அமைதல் வேண்டும்; இடையில் நிறுத்துதல் கூடாது. ஒருவன் தவறினும் குழு தொடர்ந்து செல்லவும், தவறியவன் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்ளவும் அன்று பழகுதல் வேண்டும். அரங்கேற்ற நாளன்று காலையில் கடும்பயிற்சி தருவோர் அறியார். கொம்பூதுவார் உதடு களைத்தால் மாலையில் மீளாது. அன்று வேண்டுவது சிறு பயிற்சியும் நல்லுணவும் அமைதியுமே.

இம் முறைகளால் வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர் பார்க்கிசிமெத்தோவில் 1981-இல் பிறந்த குசுத்தாவோ துதாமெல். பதினெட்டாம் அகவையில், 1999-இல், சீமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழுவின் இயக்குநராக அவர் அமர்த்தப்பெற்றார். 2007-ஆம் ஆண்டு ஆகத்து 19-இல், இலண்டன் மாநகரத்து ஆல்பர்ட்டு அரங்கில் அக் குழு இசைத்தபொழுது, சோசுத்தக்கோவிச்சின் பத்தாம் பல்லியப் படைப்பை முடித்து, இறுதியில் தம் நாட்டுக் கொடியின் மஞ்சள், நீலம், செம்மை நிறங்கள் தோய்ந்த மேற்சட்டைகளை அணிந்து தம் நிலத்து இசையை ஒலித்தனர். இருக்கை இன்றி நின்ற நாட்டின் பிள்ளைகட்கு உலகம் எழுந்து நின்று கை தட்டியது.

இம்மட்டோடு நிறுத்தின் இக் கட்டுரை வெறும் புகழ்மாலையாகிவிடும். மெய்ம்மை முழுதும் கூறப்பெறுதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் கூறும் வரலாறும் ஒருவகை வாயசைப்பே.

ஆங்கிலேய ஆய்வாளர் செப்ரி பேக்கர் 2014-இல் வெளியிட்ட நூலில் இவ் வமைப்பைக் கடுமையாக ஆய்ந்தார். மேலிருந்து வரும் ஆணைக்கு அடங்குதலே ஒழுக்கம் எனப்படுவதையும், பிள்ளைகட்குச் சொல்லுரிமை குறைவாயிருத்தலையும், பயிற்சி மணிகள் அளவிறந்தவை என்பதையும் அவர் சுட்டினார். ஏழைப் பிள்ளைகட்கு என்று சொல்லப்பெற்ற அமைப்பு உண்மையில் ஏழைகளைச் சென்றடைந்ததா என்னும் வினாவும் எழுந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், சேர முன்வந்த பிள்ளைகளுள் வறுமையில் இருந்தோர் நூற்றுக்கு 16.7, அப் பிள்ளைகள் வாழ்ந்த மாநிலங்களிலோ வறுமையில் இருந்த பிள்ளைகள் நூற்றுக்கு 46.5 என மதிப்பிடப்பெற்றது. பயின்ற பிள்ளைகளிடம் தன்னடக்கம் வளர்ந்தது என்பதையும் அவ்வாய்வே கூறிற்று. பயன் உண்டு; ஆனால் அப்பயன் யாருக்குச் சென்றது என்பதை எண்ணிப் பாராத அமைப்பு, தன் நோக்கத்தைத் தானே மறந்துவிடும். கதவைத் திறந்து வைத்தல் மட்டும் போதாது. கதவு வரை நடந்துவர ஆற்றாதவனின் தெருவிற்கும் செல்லுதல் வேண்டும்.

இதனினும் துயரமானது மற்றொன்று. அரசின் பொருளால் வளர்ந்த அமைப்பு அரசின் நிழலை விட்டு நீங்க இயலாதாயிற்று. 2017-ஆம் ஆண்டு நாட்டில் கிளர்ச்சி மூண்டது. மே 3-இல், கரகாசுத் தெருவில், பதினெட்டே அகவையினனாகிய இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். அவன் அவ் வமைப்பில் பயின்ற இசைஞன். வயலினினும் சற்றுப் பெரியதாகிய வியோலா இசைத்தவன். அதுவரை வாய் திறவாதிருந்த துதாமெல் மறுநாள் வாய் திறந்தார். குருதி சிந்தியது போதும் என்றார். மக்கள் குரலைக் கேட்குமாறு ஆட்சியை வேண்டினார். ஆகத்துத் திங்களில், அவர் நடத்தவிருந்த நாட்டின் இளைஞர் இசைக்குழு அமெரிக்க நகரங்கள் நான்கிற்குச் செல்லவிருந்த செலவை அரசு நீக்கிவிட்டது. ஆயத்தமாகி நின்ற பிள்ளைகள் கருவிகளை உறையிலிட்டனர். ஓர் இளைஞனின் சாவிற்கு ஒருவர் வருந்திப் பேசினார் என்பதற்காக, அத்துணை இளைஞரின் அரங்கும் அடைக்கப்பெற்றது!

நான்கு ஆண்டு கழித்து, 2021 நவம்பர் 13-இல், கரகாசுப் படைத்துறைக் கல்லூரி முற்றத்தில் 8,573 இசைஞர் ஒருங்கமர்ந்து சைக்கோவ்சுகியின் 'சிலாவிய நடை'யை இசைத்து, உலகின் மிகப்பெரிய இசைக்குழு என்னும் பெயரைப் பெற்றனர். பதினொருவரில் தொடங்கியது எண்ணாயிரத்தைக் கடந்தது பெருவியப்பே. அப் பிள்ளைகளின் உழைப்பை எவரும் குறைத்தல் கூடாது. ஆயினும், எண்ணிக்கை பெருகியதையும் எண்ணுரிமை பெருகியதையும் ஒன்றெனக் கொள்ளற்க. எண்ணாயிரவர் ஒரே நேரத்தில் வில்லை உயர்த்தக் கற்பது அருஞ்செயல். அவருள் ஒருவன் வீழ்ந்தபொழுது மற்றையோர் வாய் திறக்க இயலுவதே அதனினும் அருஞ்செயல்.

2018 மார்ச்சு 24-இல் அப்ரேயு மறைந்தார். அவர் விட்டுச் சென்ற வரலாற்றில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. இரண்டையும் பகுத்தறிந்து கொள்வதே தமிழாசிரியர்க்கும் தமிழிசை பயிற்றுவார்க்கும் கடன்.

கொள்ளத்தக்கன யாவை? பதினொருவரே வந்தனர் என்று பள்ளியறையைப் பூட்டாமை ஒன்று. விழாவிற்கு இரு கிழமைக்கு முன் விழிக்காமல், பதினொரு கிழமைக்கு முன்னரேனும் தொடங்குதல் ஒன்று. ஒலி எழுப்பாத பிள்ளை ஒன்றும் மேடையில் இராதபடி, அவரவர் அறிந்த அளவிற்கு உண்மையான பகுதி அமைத்துத் தருதல் ஒன்று. மூத்த மாணவனை இளைய மாணவனுக்கு ஆசிரியனாக்குதல் ஒன்று. யாழும் குழலும் முழவும் மட்டுமன்றி, நாயனமும் தவிலும் பறையும் உறுமியும் ஒரே அரங்கில் ஒத்த மதிப்போடு அமர்தல் ஒன்று. பறையைச் சாவுக்கு மட்டும் அழைத்து, விழா மேடையினின்று விலக்கும் கீழ்மை எவ்வூரில் உளதோ, அவ்வூரில் பல்லியம் என்னும் சொல்லைப் பலுக்கவும் எவர்க்கும் தகுதியில்லை. பல இயங்களுள் ஒன்றை விலக்கியபின் அது பல்லியம் ஆவது எங்ஙனம்?

தள்ளத்தக்கன யாவை? ஆசிரியன் சொல்லே இறுதிச் சொல் என்னும் செருக்கு ஒன்று. பிள்ளையின் உடலும் உறக்கமும் படிப்பும் கெடப் பயிற்சி மணியை நீட்டுதல் ஒன்று. கட்டணம் கட்ட இயலாதவன் பெயரைச் சொல்லி நன்கொடை பெற்று, இயன்றவன் பிள்ளையையே முன்னிறுத்துதல் ஒன்று. அரங்கேற்ற மேடையைத் தலைவர்களின் புகழுரை மேடையாக்கி, பிள்ளைகளை வெயிலில் காக்க வைத்தல் ஒன்று. இரண்டு மணி நேரம் வாழ்த்துரை. இருபது மணித்துளி இசை. இவ் வழக்கம் ஒழிந்தாலன்றி இளையோர் இசை வளராது. அரங்கு பிள்ளைகட்கு உரியது. விருந்தினர் கேட்டற்கே உரியர்.

இசையாசிரியர் ஒவ்வொருவரும் தம் குழுவை அரங்கேற்றும் நாளில் தமக்குத் தாமே வினாவிக்கொள்ளத் தக்கது ஒன்றே. 'எத்துணைப் பேர் கை தட்டினர்?' என்பதன்று அவ் வினா. 'முதல்நாள் நடுங்கி நின்ற பின்வரிசைப் பிள்ளையின் ஒலி இன்று கேட்டதா?' என்பதே. கேட்டது எனின், அவ்வரங்கில் பிழைகள் நூறு நேர்ந்திருப்பினும் அஃது அரங்கேற்றமே. கேட்கவில்லை எனின், பிழையொன்றும் நேராதிருப்பினும் அது வெற்றுக் காட்சியே.

வல்லார் தம் மிகையை அடக்குக! மெல்லியார் தம் குறை நிரம்புக! வாயசைக்கும் பிள்ளை ஒன்றும் இல்லாத மேடைகள் ஊர்தோறும் எழுக! அம் மேடைகளிற் பயின்ற இளையோர், கேட்கத் தெரிந்தவராய், காத்திருக்கத் தெரிந்தவராய், உரிய அடியில் அஞ்சாது ஒலிக்கத் தெரிந்தவராய் வளர்க!